நிரனிறை பிறழ்ந்த இரவு

செய்யுட்குப் பொருள்கொள்ளும் முறைகளை எட்டாக வகுத்து ஓதினார் நன்னூலார். அவற்றுள் நிரனிறை என்பது ஒன்று. பொருள்களை ஒரு வரிசையாகவும், அவற்றிற்கு உரியனவற்றை மற்றொரு வரிசையாகவும் நிறுத்தி, முதலாவதை முதலாவதோடும் இரண்டாவதை இரண்டாவதோடும் கூட்டுமாறு அமைப்பது நேர் நிரனிறை. கடையிலிருந்து மாறிக் கூட்டுமாறு அமைப்பது எதிர் நிரனிறை. இல்வாழ்க்கைக்கு அன்பு பண்பாகவும் அறம் பயனாகவும் அமையும் என்னும் கருத்தைத் திருவள்ளுவரும் இம்முறையிலேயே கூறியுள்ளார். முதலாண்டு வகுப்பில் இதனைக் கற்றபோது, இஃது எளியதொன்று, தேர்வில் இரண்டு மதிப்பெண் பெறுதற்கு உதவும் என்றெண்ணி மேற்சென்றோம். அவ்வெளிய முறையை மறந்தமையால் ஓரிரவில் யாம் பட்ட பாட்டையும், அதன் வாயிலாகக் கணினியினிடத்துக் கற்ற பாடத்தையும் ஈண்டு எழுதப் புகுந்தோம்.

மாணவர் சிலர் ஒருங்குகூடிக் குருதிக் கொடையாளர் பட்டியல் ஒன்றைப் பேணி வருகின்றோம். மாணவரும் ஆசிரியரும், இந்நகரில் வாழும் பழைய மாணவரும் தத்தம் பெயர், குருதி வகை, தொலைபேசி எண் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதித் தருவர். சென்ற கல்வியாண்டில் அங்ஙனம் சேர்ந்த தாள்கள் 86. அவற்றைக் கணினியில் ஏற்றி, அகரவரிசைப்படி அச்சிட்டுத் தரும் பணி எம்பால் வந்தது. பைத்தான் என்னும் கணினி மொழியை விருப்பப் பாடமாக ஓராண்டு பயின்றிருந்தோம் ஆகலின், தமிழ் மாணவர்க்குக் கணினி எற்றுக்கு என வினவுவார்க்கு விடையிறுக்க நல்லதொரு வாய்ப்புக் கிட்டியதென்று பெரிதும் மகிழ்ந்தோம்.

கணினி நிரலில் பட்டியல் என்பது, எண்ணிட்ட அறைகள் வரிசையாய் நிற்கும் மாணவர் விடுதியைப் போல்வது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. ஆங்கு முதலறையின் எண் ஒன்று அன்று, சுழியமாகும். யாம் மூன்று பட்டியல்கள் அமைத்தோம். முதற்பட்டியலில் 86 பெயர்கள். இரண்டாவதில் 86 குருதி வகைகள். மூன்றாவதில் 86 தொலைபேசி எண்கள். முதற்பட்டியலின் பத்தாம் அறையில் உள்ள பெயர்க்கு உரியவை, மற்றையிரண்டின் பத்தாம் அறைகளில் உள்ளவையே. ஒருவருடைய பெயரையும் அவர்தம் குருதி வகையையும் இணைத்து நின்றது அவ்வறையெண் ஒன்றே. வேறு கயிறு யாதும் இல்லை. இது தூய நேர் நிரனிறை என்பது அன்று எம் நினைவிற்கு வரவில்லை.

எம் கருத்தெல்லாம் வேறொன்றிற் சென்றிருந்தது. கணினி தமிழெழுத்துக்களை யூனிக்கோடு என்னும் உலகப் பொதுமுறையில் எண்களாகக் கொள்கின்றது. அம்முறையில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் எண் பெற்று நிற்கின்றன. ஆகவே கணினியை அதன் போக்கில் வரிசைப்படுத்த விடின், அன்பு, அமலன், அருள் என்று நிறுத்துகின்றது. நெடுங்கணக்கின்படியோ அமலன், அருள், அன்பு என்பதே முறை. றகரமும் னகரமும் கடையெழுத்துக்கள் அல்லவோ? இதனைத் தமிழ் மாணவர் பொறுப்பரோ? ஒவ்வோர் எழுத்திற்கும் நெடுங்கணக்கில் உரிய இடத்தைக் குறித்து, அக்குறிப்பைத் திறவுகோலாகக் கொண்டு வரிசைப்படுத்துமாறு கணினிக்குக் கற்பிக்க இரண்டு மாலைகள் உழைத்தோம். னகரம் தன் கடையிடத்தைப் பெற்றது. அம்மகிழ்ச்சியோடு பெயர்ப் பட்டியலுக்கு மட்டும் 'சார்ட்' என்னும் ஏவலை இட்டோம். பெயர்கள் அனைத்தும் நொடியில் இடம் மாறி நெடுங்கணக்கு முறையில் நின்றன. குருதி வகைகளும் தொலைபேசி எண்களும் இருந்த இடத்திலேயே இருந்தன. மூன்றையும் பக்கம் பக்கமாக அச்சிட்டு, விடுதி வாயிலிலும் துறைப் பலகைகளிலும் ஒட்டினோம்.

ஒருவரும் பிழை காணவில்லை. இத்தகைய பிழை கண்ணுக்கு எளிதிற் புலப்படாது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். வான், காடு, கடல் என ஒரு வரிசையும், நிலவு, மான், மீன் என மற்றொரு வரிசையும் உளவென்று கொள்க. வானில் நிலவு, காட்டில் மான், கடலில் மீன் என்பது பொருள். முதல் வரிசையை மட்டும் அகரமுறையில் மாற்றினால் கடல், காடு, வான் என்றாகும். இனிக் கூட்டிப் பார்மின்: கடலில் நிலவு, காட்டில் மான், வானில் மீன். கடலில் நிலவொளி தோன்றுதலும் உண்டு. வானத்து மீன் என்பது வழக்கிலும் உண்டு. காட்டு மானோ தற்செயலாய்த் தன் இடத்திலேயே நின்றுவிட்டது. கற்பவர் ஐயுறாது மேற்செல்வர். அவ்வாறே, ஒரு பெயரின் பக்கத்தில் ஒரு குருதி வகை நின்றால் அஃது அவருடையது அன்று என எவர் கூறவல்லார்? கணினியும் குறை கூறவில்லை. அதற்கு யாம் இட்ட ஏவலில் பிழையே இல்லை.

ஆகஸ்டு மாதத்தில் ஓரிரவு, மணி பதினொன்றிருக்கும். நகரத்து மருத்துவமனை ஒன்றிலிருந்து ஒருவர் அழைத்தார். அவர்தம் மனைவியார் மகப்பேற்றின்பின் குருதி மிகுதியாக இழந்துள்ளார் என்றும், ஓ நெகட்டிவ் வகை உடனே வேண்டுமென்றும் தழுதழுத்த குரலிற் கூறினார். பட்டியலை நோக்கினோம். அரிய வகை ஆதலின் இருவர்க்கே அது குறிக்கப்பட்டிருந்தது. முதலாமவரின் எண்ணுக்கு அழைத்துப் பெயர் கூறி வினவினோம். உறக்கத்தினின்று எழுந்த முதியவர் ஒருவர், "அந்தப் பெயருடையவர் யாரும் இங்கில்லை, தம்பி" என்றார். தவறான எண் போலும் என்றெண்ணி, மன்னிப்புக் கேட்டு அழைப்பைத் துண்டித்தோம். இரண்டாவது எண் அணைக்கப்பட்டிருந்தது. ஆயினும் அதன் பக்கத்திலிருந்த பெயர் எம் விடுதியின் மாடியில் உறையும் நண்பர் ஒருவருடையது. ஓடிச் சென்று கதவைத் தட்டினோம்.

அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "எனக்கு பி பாசிட்டிவ் என்றல்லவா நினைவு?" என்றார்.

"அச்சிட்ட பட்டியலில் ஓ நெகட்டிவ் என்று இருக்கிறதே" என்றோம்.

"அப்படியானால் நான்தான் மறந்திருப்பேன்" என்று கூறிச் சட்டையை மாட்டிக்கொண்டு உடன் புறப்பட்டார்.

தம் உடலிலோடும் குருதியைப் பற்றித் தாம் கொண்ட நினைவினும் எம் அச்சுத்தாளை அவர் மிகுதியாக நம்பினார் என்பதை எண்ணுந்தோறும் இன்றும் எம் உள்ளம் கூசுகின்றது.

குருதி வங்கியில் எவர் சொல்லையும் எந்தத் தாளையும் நம்பிக் குருதி ஏற்பதில்லை. கொடுப்பவர் எவராயினும் வகையை ஆங்கே தேர்ந்து அறிவர். சில துளிக் குருதியோடு மருந்துநீரைக் கலந்து, அது திரள்கின்றதா என்று நோக்கினர். சிறிது பொழுதில் விடை வந்தது: பி பாசிட்டிவ். அவ்வம்மையார்க்கு அஃது உதவாது. ஏற்றினால் தீங்கே விளையும். அத்தேர்வு இருந்தமையால் எம் பிழை ஓருயிரைத் தொடாமல் ஆய்வறை மேசையளவில் நின்றது. ஆனால் ஏறத்தாழ ஒரு மணி நேரம் வீணாயிற்று. வெளியே விசிப்பலகையில் அமர்ந்திருந்த அக்கணவர் எம்மை நிமிர்ந்து நோக்கி, "வேறு யாரும் இல்லையா, தம்பி?" என்றார். அவர் சினந்திருப்பாராயின் எமக்குச் சிறிது ஆறுதலாக இருந்திருக்கும்.

நள்ளிரவு கடந்து விடுதிக்கு மீண்டோம். மேசையறையில் கட்டி வைத்திருந்த 86 தாள்களையும் தரையிற் பரப்பி ஒவ்வொன்றாக நோக்கினோம். ஓ நெகட்டிவ் என்று எழுதிய தாள் ஒன்று கிடைத்தது. அது பள்ளியாசிரியராய் இருந்து ஓய்வு பெற்ற பழைய மாணவர் ஒருவருடையது. அதில் கண்ட தொலைபேசி எண்ணை அழுத்தும்போதே எம் கை நடுங்கிற்று; ஏனெனில் கைபேசி அவ்வெண்ணை, முன்னரே அழைத்த எண் என்று காட்டியது. எடுத்தவர் அதே குரலினர். "சற்று முன்பு வேறு யாரையோ கேட்டவர் நீங்கள்தானே? இரத்தம் வேண்டுமென்று அப்போதே ஒரு சொல் சொல்லியிருக்கலாமே, தம்பி!" என்றார். அரைமணி நேரத்தில் மருத்துவமனையில் இருந்தார். அதற்குள் வேறொரு குருதி வங்கியிலிருந்து ஒரு பை வந்திருந்தது. அடுத்த தேவைக்கு இவருடைய குருதி ஏற்கப்பட்டது. தாயும் மகவும் நலம் பெற்றனர். எமக்கு வேண்டியிருந்த ஒருவரையே முதல் அழைப்பில் யாம் கண்டிருந்தோம். பெயர் பொருந்தவில்லை என்று அவரை விட்டுவிட்டோம்.

மறுநாள், கணினித் துறையில் முதுகலை பயிலும் மூத்த மாணவர் ஒருவரிடம் எம் நிரலைக் காட்டினோம். அவர் நகைக்கவில்லை. முழுதும் படித்துவிட்டு, "தம்பி, பெயர்களை வரிசைப்படுத்தியிருக்கிறாய், மனிதர்களை வரிசைப்படுத்தவில்லை" என்றார். பழைய வரிசையைக் கணினியைக்கொண்டே மீட்கலாகாதா என்று வினவினோம். அவர் கணக்கிட்டுக் காட்டினார். ஐந்து பெயர்களை 120 வகையாக நிறுத்தலாம்; பத்துப் பெயர்களை 36,28,800 வகையாக நிறுத்தலாம்; 86 பெயர்களை நிறுத்தும் வகைகளின் தொகையை எழுதினால் அவ்வெண் 131 இலக்கங்கள் உடையதாகும். அவற்றுள் ஒன்றே உண்மை. அஃது எது என்று காட்டும் குறி எம் நிரலில் எங்கும் எஞ்சவில்லை. தாள்கள் இல்லையேல் அத்தொடர்பு என்றைக்கும் அழிந்தே போயிருக்கும்.

பின்னர், தொடர்புடைய பட்டியல்களை ஒருங்கே வரிசைப்படுத்தும் வழிகளை அவர் கற்பித்தார். முதல் வழி, கட்டிய பின் வரிசைப்படுத்துதல். பைத்தானில் 'ஜிப்' என்றொரு கருவி உண்டு. அது மூன்று பட்டியல்களிலிருந்தும் ஒத்த அறையில் உள்ளவற்றை எடுத்து, பெயர், வகை, எண் என மும்மூன்றாகக் கட்டித் தரும். அக்கட்டுக்களைப் பெயர்முறையில் வரிசைப்படுத்தினால் பெயர் செல்லுமிடத்திற்கு மற்றையிரண்டும் உடன் செல்லும். வேண்டுமாயின் இறுதியில் கட்டவிழ்த்து மீண்டும் மூன்று பட்டியல்கள் ஆக்கிக்கொள்ளலாம். இதிலும் ஒரு கரவுண்டு. மூன்று பட்டியல்களுள் ஒன்று ஓரறை குறைந்திருப்பின், 'ஜிப்' யாதும் கூறாமல் குறுகியதன் அளவில் நின்றுவிடும். கடைசி மனிதர் ஓசையின்றி மறைந்துபோவார். 2021 ஆம் ஆண்டில் வெளிவந்த பைத்தான் 3.10 முதல் 'ஸ்ட்ரிக்ட்' என்னும் குறிப்பை உடன் கொடுத்தால், அளவு ஒவ்வாதபோது கணினி பிழையென்று கூறி நின்றுவிடும். அக்குறிப்பை இடாமல் இனி ஒருபோதும் கட்டுவதில்லை என்று உறுதி பூண்டோம்.

இரண்டாம் வழி, அறையெண்களையே வரிசைப்படுத்துதல். மூன்று பட்டியல்களில் எதனையும் தொடாமல், சுழியம் முதல் 85 வரையுள்ள எண்களைக் கொண்ட நான்காம் பட்டியல் ஒன்றை அமைத்து, எந்த அறையிலுள்ள பெயர் முதலில் வரவேண்டும், எது அடுத்து வரவேண்டும் என்று அவ்வெண்களை நிறுத்துவது அது. பின்னர் அவ்வொரே வரிசையின்படி மூன்று பட்டியல்களையும் படித்தால் போதும். பெருந்தொகையான எண்களைக் கையாள்வோர் பயன்படுத்தும் நம்பை என்னும் கருவித்தொகுதியில் 'ஆர்க்சார்ட்' என்று வழங்குவது இதுவே. இதன் சிறப்பு யாதெனின், பழைய வரிசை அழிவதில்லை. மீண்டு செல்லும் வழி எப்போதும் திறந்திருக்கும். எம் நிரல் இவ்வாறு அமைந்திருந்ததாயின், 131 இலக்க இருளில் யாம் நின்றிருக்க வேண்டியதில்லை.

மூன்றாம் வழி, மூன்று பட்டியல்களாகப் பிரித்தலையே ஒழித்தல். ஒரு மனிதர்க்கு ஒரு பதிவு. அதனுள்ளே பெயரும் வகையும் எண்ணும் அடங்கும். இதனைக் கேட்டதும், பெயரைத் திறவுகோலாக வைத்து அகராதி போல ஒன்று அமைத்துவிடலாமே என்றோம். அவர் தாள்களைப் புரட்டி, ஜெபராஜ் என்னும் பெயரினர் இருவர் இருத்தலைச் சுட்டினார். பெயரே திறவுகோலாயின் பின்னவர் முன்னவரை அழித்துவிடுவார். மனிதரை அறிய உதவும் பெயர், கணினிக்கு எப்போதும் போதிய அடையாளம் ஆவதில்லை. ஆகலின் ஒவ்வொரு பதிவிற்கும் தாளின் எண்ணையே அடையாளமாக இட்டோம்.

இம்மூன்றாம் வழி கணினிக்கும் முற்பட்டது. 1890 ஆம் ஆண்டு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் குடிக்கணக்கைத் தொகுக்க ஹெர்மன் ஹாலரித் என்பார் துளையிட்ட அட்டைகளைப் பயன்படுத்தினார். ஓர் ஆளுக்கு ஓர் அட்டை. அவர்தம் அகவை முதலிய செய்திகள் யாவும் அவ்வொரே அட்டையில் துளைகளாக நின்றன. அட்டைகளை எம்முறையில் அடுக்கினும், எத்தனை முறை கலைத்தடுக்கினும், ஒருவருடைய அகவை மற்றொருவரைச் சென்று சேராது. எம் மேசையறையில் இருந்த தாள்களும் அத்தன்மையவே. அவற்றைத் தரையில் தாறுமாறாகப் பரப்பியபோதும் உண்மை கெடவில்லை. அழகுற அடுக்கிய எம் அச்சுப்பட்டியலிலோ உண்மை இல்லை. ஒழுங்கு வேறு, தொடர்பு வேறு என்பதையும், தொடர்பைப் பிணித்த பின்னரே ஒழுங்கை நாட வேண்டும் என்பதையும் அத்தாள்களே எமக்குக் கற்பித்தன.

புதிய பட்டியலை அமைக்கும்போது மற்றொரு கேள்வி எழுந்தது: இப்பட்டியலை யார், எப்போது பார்க்கின்றனர்? நள்ளிரவில் ஓ நெகட்டிவ் தேடுவார்க்கு அமலன் முன்னிற்பதும் அன்பு பின்னிற்பதும் யாது பயன்? குருதி வகையே முதலில் வேண்டுவது. ஒவ்வொரு வகைக்குள்ளும் பெயர்கள் அகரமுறையில் நின்றால் போதும். இதற்குக் கணினியின் மற்றொரு பண்பு உதவிற்று. இரண்டு வரிசைகளைப் பின்னி ஒன்றாக்கி முறைப்படுத்தும் வழியை 1945 ஆம் ஆண்டிலேயே ஜான் வான் நாய்மன் கணினிக்கென எழுதினார். அவ்வழியை ஒட்டி 2002 ஆம் ஆண்டில் டிம் பீட்டர்ஸ் என்பார் பைத்தானுக்கென ஒரு முறையை அமைத்தார். இன்று பைத்தானில் உள்ளது அதன் வழிவந்ததே. அது நிலைபேறுடையது, அஃதாவது, ஒப்பிடும் பொருள் ஒன்றாக உள்ள இருவரை அது இடம் மாற்றுவதில்லை, முன்னின்றவர் முன்னரே நிற்பார். ஆகவே பதிவுகளை முதலில் பெயராலும், பின்னர் வகையாலும் வரிசைப்படுத்தினோம். ஒவ்வொரு வகைக்குள்ளும் பெயர்முறை குலையாது நின்றது. யாம் இரண்டு மாலைகள் உழைத்து அமைத்த நெடுங்கணக்குத் திறவுகோலும் வீண்போகவில்லை.

அச்சிடுமுன், மாடியறை நண்பர் தாமே முன்வந்து தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் படிக்க, யாம் பட்டியலோடு ஒத்துநோக்கினோம். 86 பேர்க்கும் அவ்வாறு செய்ய ஒரு மாலைப்பொழுதே ஆயிற்று. முன்னரே அதனைச் செய்திருந்தால் என்று எண்ணினோம். இருவரும் அதனை வாய்விட்டுக் கூறவில்லை. தம் தாள் வந்தபோது மட்டும் அவர் சற்றே குரலை உயர்த்தி, "பி பாசிட்டிவ்" என்று படித்தார். இருவரும் நகைத்தோம்.

நிரனிறையைப் பற்றிய வினா இவ்வாண்டுத் தேர்விலும் வரக்கூடும். இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுத வேண்டியதை எழுதுவோம். ஆயினும் அதனை எழுதும்போது வானும் காடும் கடலும் எம் நினைவிற்கு வாரா. "அந்தப் பெயருடையவர் யாரும் இங்கில்லை, தம்பி" என்ற குரலே வரும். அப்பெரியவரைக் கிறிஸ்து பிறப்புக் காலத்தில் நேரிற் கண்டு, நடந்ததை மறையாது கூறி மன்னிப்புக் கேட்டோம். அவர் புதிய பட்டியலை வாங்கி, கண்ணாடியை ஏற்றி, தம் பெயரைத் தேடிக் கண்டு, அதற்கு நேராக விரலை மெல்ல நகர்த்தி வகையையும் எண்ணையும் சரிபார்த்தார். பின்னர்த் தாளை மடித்து எம்மிடமே தந்து, "இனி எந்த நேரத்திலும் அழையுங்கள்" என்றார்.